கட்டைவிரல் வந்த கல்யாணப் படம்

பதினெட்டு வருடங்களாக நன்றாகப் படம் எடுத்துவந்த சோசிமோ காமரேனா, ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் படுமோசமாக எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. மலைமேல் இருக்கும் சுப்பாக்காவில் ஆகஸ்டு குளிர்காலம், தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

இந்த முடிவுக்கு வருமளவு அவரைத் தள்ளியது ஒரு குவளை பியர்.

பெயரிலேயே பாதி கேமராவை வைத்துக்கொண்டு பிறந்தவர் அவர். ஊரில் யாரும் காமரேனா என்று கூப்பிடுவதில்லை, கேமரானா என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் ஏற்றி வைக்கிற பெரிய கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஒரு வீட்டு விசேஷத்துக்குள் நுழைந்தால் சாக்சபோன்காரர்கள் கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவருக்குச் சாப்பாடு எப்போதும் ஞானத்தந்தை உட்காரும் மேசையில்தான். சென்ற மாதம், மாடுகளுக்காக நடக்கும் சந்தியாகோ திருவிழாவில், மூன்றாம் நாள் ஆட்டத்தில், மாட்டுக்காரர் ஒருவர் அந்தக் கேமராவைப் பார்த்து மனம் இளகிப்போனார். காலையிலிருந்து உழைக்கிறாயே, தாகமாக இருக்காதா என்று அதனிடம் கேட்டுவிட்டு, முழுக் குவளை பியரை அதன் வாய் என்று தான் நினைத்த இடத்தில் ஊற்றிவிட்டார். பக்கத்து நகரமான ஹுவான்காயோவில் பழுது பார்ப்பவர் கேமராவை முகர்ந்து பார்த்தார். நல்ல பியர் என்றார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

தலைநகர் லிமாவில் ஒருவர் கேமரா விற்கிறார் என்று சோசிமோ விசாரித்து வைத்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக நாலு வருடம் சேர்த்து வைத்த பணம் அதற்குச் சரியாக இருக்கும். அதே பணத்துக்கு அவருடைய மனைவி நெலிதா ஒரு வாஷிங் மெஷின் பார்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமைச் சந்தையில் கோழி சூப் விற்பவள் அவள். இருபது மேசைத்துணிகளை அந்தத் தண்ணீரில் கையால் துவைப்பவள். ஜூன் தொடங்கினால் அவளுடைய விரல்கள் சிவந்து வெடித்துவிடும்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

"லிமாவிலே இருக்கிற கேமரா செகண்ட் ஹேண்டுதான் நெலிதா. ஆனா தோள்ல வச்சா ஒரு கம்பீரம்."

"தோள்ல வைக்கணும்னா ஆட்டுக்குட்டி வாங்கித் தரேன். கம்பீரமாவும் இருக்கும், கம்பளியும் கிடைக்கும்."

"நான் தொழிலைப் பத்திப் பேசறேன்."

"நானும் அதைத்தான் பேசறேன். கேமரா போனா என்னங்க, போன் இருக்கே. ஹுவான்காயோவிலே இப்ப பாதிக் கல்யாணம் போன்லதான் எடுக்கிறாங்களாம்."

"போன்ல பேசலாம். பொழைக்க முடியாது."

நெலிதா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, ஒரு பந்தயம் வைத்தாள். அடுத்த வாரம் யெசேனியாவின் கல்யாணம். யெசேனியா அவளுடைய ஞானமகள். ஞானஸ்நானத்தில் அவள் கையில் ஏந்திய பிள்ளை. பெண்ணின் அப்பா அலிப்பியோ பால்தெயோன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாயிற்று. அந்தக் கல்யாணத்தைப் போனிலேயே எடுக்கட்டும். படம் நன்றாக வரவில்லை, அவர்கள் முகம் சுளித்தார்கள் என்றால், நெலிதாவே பஸ் ஏறி லிமாவுக்குப் போய்க் கேமராவை வாங்கிவருவாள். நன்றாக வந்துவிட்டால் வாஷிங் மெஷின்.

சோசிமோ உடனே சரி என்றார். இரண்டாவது கிழங்கை அவள் உரித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். நெலிதா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூன்றாவது கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் பல் தேய்க்கும்போது அந்த முடிவு.

மோசமாக எடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பதினெட்டு வருடம் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மாதா கோவில் வாசலில் மணமகள் இறங்கும்போது அது தானாகவே சரியான இடத்துக்குப் போய் நின்றது. சோசிமோ இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று. சூரியனுக்கு நேர் எதிரே நின்று எடுத்தார். போனை ஒருமுறை நிமிர்த்தி, ஒருமுறை படுக்கவைத்து, மறுபடி நிமிர்த்திப் பிடித்தார். மோதிரம் மாற்றும்போது ஒரு புனிதரின் வலது பாதத்தை எடுத்தார். அதுவும் கொஞ்சம் அழகாக அமைந்துவிடும் போலிருந்ததால், கட்டைவிரலை லென்சின் மேல் வைத்து மூடிக்கொண்டார்.

அப்போது யெசேனியா திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். போனைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. சின்ன வயதில் அவருடைய கேமராவுக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று நம்பி, அதற்குள் ரொட்டித் துண்டு போடப் பார்த்த பெண். சோசிமோவின் கட்டைவிரல் ஒரு கணம் விலகியது. லிமாக் கேமரா ஞாபகத்துக்கு வந்தது. விரல் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. கல்யாணம்தான் நன்றாக நடக்கிறதே, படம் இல்லாவிட்டால் மோதிரமா கழன்றுவிடும் என்று மனத்துக்குள் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் ஒன்று நடந்தது. கல்லுளிமங்கன் என்று பெயரெடுத்த அலிப்பியோ, மகள் வெள்ளை உடையில் அறையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாமல் நழுவிக் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். சோசிமோ பார்த்தார். போ, பின்னால் போ, இதுதான் படம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவர் போகவில்லை. பந்தலில் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த ஒரு நாயை ஐந்து நிமிடம் எடுத்தார். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சீர். சொந்தக்காரர்கள் சீர்ப்பொருளை முதுகில் கட்டிக்கொண்டு ஆடியபடியே வருவார்கள். ஒருவர் அலமாரியோடு ஆடினார், ஒருவர் கட்டிலோடு ஆடினார். மாப்பிள்ளையின் ஞானத்தந்தை, நாலு பர்னர் வைத்த கேஸ் அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு, வாத்தியத்துக்கு ஓரடி பிசகாமல் ஆடி வந்தபோது ஊரே கைதட்டியது. சோசிமோ குனிந்து அடுப்பின் கால்களை மட்டும் எடுத்தார். அதிலும் ஒரு கால் சட்டத்துக்கு வெளியே போகும்படி பார்த்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் படத்தைப் பென் டிரைவில் ஏற்றினார். அதைத் தன் கையால் அலிப்பியோவிடம் கொடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. நெலிதாவைக் கூப்பிட்டு, நோயாளியைக் கைவிட்ட டாக்டர் போலத் தலையை ஆட்டினார்.

"நீயே குடுத்துடு. போன்ல இவ்வளவுதான் வரும்னு பக்குவமா சொல்லிடு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். என்ன செய்யறது. கருவி அப்படி."

நெலிதா அதை ஏப்ரனின் பையில் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை மிளகாய் வாங்க வேண்டும் என்று ஹுவான்காயோவுக்குப் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். திரும்பும் வழியில் பால்தெயோன் வீட்டில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். சோசிமோ லிமாக்காரருக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு வாரம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, திட்டு வாங்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்தார். இரண்டு முகங்கள் தேறின.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலிப்பியோ வந்தார். கூடவே அவருடைய தம்பி, தோளில் ஒரு பன்றித்தொடை, கையில் ஒரு பெட்டி பியர். அடிக்கத்தான் ஆள் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து சோசிமோ முதலாவது முகத்தை மாட்டிக்கொண்டார். அலிப்பியோ நேரே வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். விடவில்லை.

"மாஸ்டர், அந்தத் தண்ணித் தொட்டி" என்று அவர் தோளில் முகத்தை வைத்தபடியே ஆரம்பித்தார். "நான் தொப்பியால முகத்தை மூடிக்கிட்டு நின்னதை யாரும் பாக்கலேன்னு நினைச்சேன். என் பொண்ணு அதை நாலு தடவை போட்டுப் பாத்தா. அப்பா நீ அழுவியான்னு கேட்டா. இத்தனை வருஷத்திலே அவ என்கிட்டே அப்படி உக்காந்து பேசினதே இல்லே மாஸ்டர்."

சோசிமோவுக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டிப் பக்கம் தான் போகவேயில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் போன் கையில்தானே இருந்தது, அணைத்தோமா, திருப்பினோமா, யாருக்குத் தெரியும். முதல் பாட்டில் பியர் முடிவதற்குள், ஒருவேளை எடுத்திருப்போமோ என்று நம்பத் தொடங்கினார். இரண்டாவது பாட்டிலில், எடுத்தது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது பாட்டிலில், எப்படி எடுத்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மோசமாக எடுக்க வேண்டும் என்று முயன்றும் தன் கை தன்னை மீறி நன்றாக எடுத்துவிட்டது என்பதில் அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை ஏற்பட்டது. அதை மட்டும் வெளியே சொல்ல முடியவில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

நெலிதா வேகவைத்த மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப அந்த லிமாக் கேமரா?"

சோசிமோ கையை வீசினார். "கேமராங்கிறது கண்ணு இல்லாதவனுக்கு ஊன்றுகோல் நெலிதா. கண்ணு இருக்கிறவனுக்கு ஒரு போன் போதும்."

எல்லோரும் குவளையைத் தூக்கினார்கள். அலிப்பியோவின் தம்பி அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் சரக்கு ஆட்டோவில் வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அதைப் பார்த்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது சோசிமோவுக்கு முழுதாக உறைத்தது. அன்று முழுக்க அவர் அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியே தன் சட்டைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பேக்கரிக்கார இர்மா வந்தாள். அவளுடைய மகளுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள், அந்த ஊரில் பெண்களுக்கு அது கல்யாணத்துக்குச் சமம். இருநூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். யெசேனியா கல்யாணத்தை எடுத்த மாதிரியே எடுக்க வேண்டும், போனில்தான் எடுக்க வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றாள். சோசிமோ அடக்கமாகச் சிரித்தார். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அந்தக் கட்டைவிரலும் மறக்காம வரணும் மாஸ்டர். என் மக அதைத்தான் ரொம்ப ஆசைப்படறா."

"வரும், வரும்" என்றார் சோசிமோ.

அவள் போனதும் அவர் தன் இரண்டு கட்டைவிரல்களையும் மாறிமாறிப் பார்த்தார். எந்தக் கட்டைவிரல்? அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் படத்தை எப்படி எடுத்தோம்? எப்படி எடுத்தோம் என்று தெரியாமல் அதேபோல எப்படி எடுப்பது? மறுநாள் காலை, சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பால்தெயோன் வீட்டுக்குப் போனார். அலிப்பியோ மகிழ்ந்துபோய்ப் படத்தை டிவியில் போட்டுவிட்டு, குடிக்க மக்காச்சோளச் சிச்சா கொண்டுவர உள்ளே போனார்.

சோசிமோ தனியாக உட்கார்ந்து பார்த்தார். கம்பம் நட்டதுபோல அசையாத படம். வெளிச்சம் எப்போதும் எடுப்பவரின் முதுகுப்பக்கம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கும் அலிப்பியோவைத் தூரத்திலிருந்தே, கிட்டே போய்த் தொந்தரவு செய்யாமல் எடுத்திருந்தது. அடடா, நாம் எவ்வளவு பெரிய ஆள் என்று சோசிமோவுக்குத் தோன்றியது. அடுத்தது கோவில். மோதிரம் மாற்றுகிறார்கள். மணமகள் தலைக்கு அப்பால், தூணோரமாக, பழுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஜாக்கெட் சோசிமோவினுடையது. தொப்பியும் அவருடையது. படம் மெதுவாக அந்த ஆளை நெருங்கியது. கையை நெருங்கியது. லென்சை மூடியிருந்த கட்டைவிரலை நெருங்கியது. டிவி முழுக்க அந்த விரல் நிறைந்தது. நகத்தோரத்தில் வெங்காயம் நறுக்கும்போது பட்ட பழைய காயம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து எண்ணும்வரை படம் அங்கேயே நின்றது. பிறகு நிதானமாக மணமக்களிடம் திரும்பியது.

சிச்சாவோடு வந்த அலிப்பியோ அந்த இடத்தில் நின்றார்.

"இது ஒண்ணுதான் மாஸ்டர் எங்களுக்குப் பிடிபடலே. ரெண்டு போன் வச்சு எடுத்தீங்கன்னு நெலிதாம்மா சொன்னாங்க, சரி. இந்த விரல் எதுக்கு?"

சோசிமோ கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "அது என் கையெழுத்து" என்றார். "பெரிய ஓவியக்காரங்க மூலையிலே பேரு போடறதில்லையா, அந்த மாதிரி."

அலிப்பியோ நீண்டநேரம் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது நெலிதா கொல்லையில் கினிப்பன்றிகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். சோசிமோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதான் எடுத்தியா?"

"எதை?"

"கட்டைவிரலை."

"விரல் உங்களோடது. எடுத்தது நான்." அவள் திரும்பவில்லை. "லிமாவிலேர்ந்து அக்கா அனுப்பின போன்ல. ஒட்டிக் குடுத்தது ஹுவான்காயோ ஜெராக்ஸ் கடைக்காரம்மா."

"அன்னைக்கே ஏன் சொல்லலே?"

"என்னன்னு சொல்றது? என் ஞானமகள் கல்யாணத்தை என் வீட்டுக்காரர் வேணும்னே கெடுத்தார்னு சொல்லட்டுமா?"

ஒரு கினிப்பன்றி அவரைப் பார்த்துக்கொண்டே மென்றது. எப்போது தெரிந்தது என்று சோசிமோ கேட்டார். பந்தயம் வைத்த ராத்திரியே சந்தேகம் வந்துவிட்டது என்றாள் அவள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை.

"என் பென் டிரைவ் எங்கே?"

"பத்திரமா வச்சிருக்கேன். முழுசாவும் பாத்தேன். அதிலே அந்த நாய் மட்டும் நல்லா வந்திருக்கு."

அவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். யெசேனியா தன்னைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னார். அலிப்பியோ தொட்டிப் பக்கம் போனதைத் தானும் பார்த்ததாகவும், பார்த்தும் போகாமல் இருந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் காது சிவந்தது.

நெலிதா கையிலிருந்த புல்லைப் போட்டுவிட்டு இப்போதுதான் திரும்பினாள்.

"தெரியும். நீங்க அந்தப் பக்கம் பாத்ததைப் பாத்துதான் நான் போனேன். ரெண்டு நாளும் அதைத்தானே செஞ்சேன். உங்க கண்ணு எங்க போகுதோ அங்க போனைத் திருப்பினேன். கண்ணு எல்லா இடத்துக்கும் சரியாத்தான் போச்சு. கைதான் நாய்கிட்டே இருந்தது."

சோசிமோ அந்த வார்த்தையைக் கொஞ்சநேரம் மனத்துக்குள் வைத்துப் பார்த்தார். திட்டா பாராட்டா என்று பிரிக்க முடியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில், இர்மா வீட்டு விசேஷத்தை ஒழுங்காகத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். நெலிதா அவருடைய வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சநாள் ஓய்வு கொடுப்போம் என்றாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும், அவள் எடுப்பாள். ஊரில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பென் டிரைவ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஆகவே அக்டோபர் மாதம் இர்மா வீட்டு முற்றத்தில், உச்சிவெயிலில், பிறந்தநாள் பெண் நீல உடையில் அப்பாவோடு நடனமாட இறங்கியபோது, நெலிதா பியர்ப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று போனைப் பிடித்திருந்தாள். அந்த மலை உயரத்து வெயிலில் போன் திரை தெரியாது, நிழல் வேண்டும். எனவே சோசிமோ, தேய்த்த கோட்டும் டையுமாக, அவள் தலைக்கு மேல் ஒரு பெரிய பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வப்போது அவள் காதருகே குனிந்து, கேக்குக்குப் பின்னால் இருக்கிற அத்தையைப் பார், அவள் அழப்போகிறாள் என்று சொன்னார். அத்தை அழுதாள். நெலிதா எடுத்துவிட்டாள். பெண்ணுக்காகக் கட்டைவிரலும் ஒருமுறை காட்டியாயிற்று.

பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர், கையில் குவளையோடு மரியாதையாக நெருங்கினார். போனிலேயே படம் எடுக்கும் மாஸ்டர் இவர்தான் என்று யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் தன் மகனுக்குக் கல்யாணம் என்றார். பிறகு தயங்கியபடி கேட்டார்.

"இன்னைக்கு நீங்க எடுக்கலையா மாஸ்டர்?"

சோசிமோ நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த நிலைக்கு வந்தப்புறம் நாம கையால எடுக்கிறதில்லைங்க. இங்க எல்லாம் என் உத்தரவுதான். நான் சொல்லச் சொல்ல அவ எடுக்கிறா."

"குடையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ங்க" என்றாள் நெலிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சோசிமோ சாய்த்தார்.